சக்கர நாற்காலியில் செட்டிநாடு: அளவெடுப்பதில் தொடங்கி ஆத்தங்குடி வரை

செட்டிநாட்டுக்கு வீல்சேரில் வர நினைப்பவர்கள் பலரும் முதலில் விடுதியை புக் செய்கிறார்கள். பிறகு ரயில் டிக்கெட். வந்து இறங்கியபின்தான் "வீட்டுக்குள் போக முடியுமா?" என்ற கேள்வி வருகிறது. வரிசையே தலைகீழ். நாற்காலியின் அளவு, பார்க்கப்போகும் இடங்கள், போனில் விசாரணை, தங்குமிடம், கடைசியில் டிக்கெட் என்று போனால் பாதிச் சிக்கல் கிளம்புமுன்பே தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகள் தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. படியில்லாத முகப்பு அபூர்வம். ஆனால் ஊர் சமதளம், தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேர். ஆகவே தெருவைச் சுற்றிவருவதை முதல் வேலையாக வைத்து, உள்ளே போக வாய்க்கும் ஒன்றிரண்டு வீடுகளை அதன்மேல் கூட்டிக்கொள்ளும் திட்டம்தான் நிற்கும். வீடுகளை மட்டும் நம்பி வருகிறவர்கள் வாசலோடு திரும்புகிறார்கள்.

1. முதலில் நாற்காலியை அளந்துகொள்ளுங்கள்

டேப்பை எடுத்து மூன்று அளவு குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, முழு அகலம். உட்காரும் பலகையின் அகலம் பயன்படாது. கையால் தள்ளும் வெளிவளையத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை அளக்க வேண்டும். 18 இன்ச் இருக்கை கொண்ட சாதாரண மடக்கு நாற்காலி 24 முதல் 26 இன்ச் வரும். இரண்டு, கால்தாங்கியின் நுனியிலிருந்து பின்சக்கரம் வரையிலான நீளம். திரும்ப இடம் போதுமா என்று பார்க்க இது வேண்டும். மூன்று, தரையிலிருந்து இருக்கையின் உயரம். காரிலும் கட்டிலிலும் மாறி உட்கார இந்த எண்தான் தீர்மானிக்கும்.

ஆள் உட்கார்ந்தபின் அகலத்தை இன்னொரு முறை அளந்து பாருங்கள். பழைய நாற்காலிகளில் சக்கரம் வெளிப்பக்கம் சாயும், அரை இன்ச் கூடிவிடும். கதவில் மாட்டுவது அந்த அரை இன்ச்சில்தான்.

மோட்டார் நாற்காலி வைத்திருப்பவர்கள் இந்தப் பயணத்துக்குக் கை நாற்காலியையும் கொண்டுவருவது நல்லது. பேட்டரியோடு மோட்டார் நாற்காலி பெரும்பாலும் ஐம்பது கிலோவைத் தாண்டும். இரண்டு படி வந்தால் தூக்க முடியாது. தெருவுக்கு மோட்டார், வீட்டுக்குக் கை நாற்காலி என்று பிரித்துக்கொள்ளலாம்.

2. இடங்களை நான்காகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் பட்டியலைத் தெரு, வீடு, கோயில், குன்று என்று பிரித்துவிடுங்கள்.

தெரு: கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடியின் பழைய தெருக்கள். முகப்புகள், சுண்ணச் சுதைப் பொம்மைகள், ஊருணிகள் (ஊர்க் குளங்கள்) எல்லாம் நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம். காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டை எல்லோருமே வெளியிலிருந்துதான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குள் சந்து குறுகல், சாமான் நெரிசல். கடைக்காரரிடம் சொன்னால் வேண்டியதை வாசலுக்கே எடுத்து வந்து காட்டுவார்கள்.

வீடு: பார்வையாளரை அனுமதிக்கும் வீடுகள், விடுதியாக மாறிய வீடுகள். இவற்றுக்குத்தான் அடுத்த பகுதியில் சொல்லும் விசாரணை தேவை.

கோயில்: நகரத்தார் கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒன்பதையும் ஒரே பயணத்தில் முடிக்க ஆசைப்பட வேண்டாம். ஒவ்வொரு கோயிலிலும் காரிலிருந்து இறங்கி, திரும்ப ஏறி, ஒரு நாளுக்கு இரண்டு என்றாலே உடம்பு சோர்ந்துவிடும்.

குன்று: குன்றக்குடி முருகன் மலைமேல், படிவழி. திருமயம் கோட்டை பாறைமேல். இவற்றை மேலே ஏறும் பட்டியலில் வைக்காதீர்கள். திருமயத்தைக் கீழிருந்து பார்ப்பது பற்றிப் பின்னால் வருகிறது.

3. போனில் கேட்க வேண்டியதும் கேட்கும் விதமும்

"வீல்சேர் வருமா?" என்று கேட்டால் "தாராளமா வாங்க" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம் என்ற நல்லெண்ணத்தில் சொல்வது. உங்களுக்கு வேண்டியது எண்கள். ஆகவே இப்படிக் கேளுங்கள்:

"ஐயா, தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி? ஒரு படி எத்தனை இன்ச் உயரம் இருக்கும்?"

"வாசல் நிலைப்படி தரையைவிட எவ்வளவு உயரம்?"

"ரெண்டு கதவையும் திறந்தா நடுவில் எவ்வளவு அகலம் கிடைக்கும்?"

"பின்வாசல் வழியா வர முடியுமா? அங்கே எத்தனை படி?"

மூன்றாவது கேள்வி முக்கியம். முகப்புக் கதவு இரட்டைக் கதவு. நாள்முழுதும் ஒன்றை மட்டும் திறந்து, மற்றதை மேலும் கீழும் தாழிட்டு வைத்திருப்பார்கள். ஒற்றைக் கதவு வழியில் நாற்காலி நுழையாது என்று அளந்து சொல்லிவிடுவார்கள். இரண்டையும் திறந்தால் நுழையும். தாழ் துருப்பிடித்திருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லி எண்ணெய் விட்டுத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

பின்வாசலைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசல் கௌரவத்துக்கு, அங்கே படி கூடுதல். அடுப்படிப் பக்கத்து வாசல் புழக்கத்துக்கு, அங்கே படி குறைந்த வீடுகள் உண்டு. பின்பக்கமாக விருந்தாளியை அழைப்பது மரியாதைக் குறைவு என்று வீட்டார் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்ட பிறகு வாட்ஸ்அப்பில் படம் வாங்குங்கள். வெறும் வாசல் படம் போதாது. படியின்மேல் ஒரு அடிக்குச்சியோ செங்கல்லோ வைத்து எடுத்தது வேண்டும், அப்போதுதான் உயரம் தெரியும்.

கடைசியாக, நீங்கள் வரும் தேதியில் வீட்டில் விசேஷம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். இவை தனியார் வீடுகள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள், பார்வையாளருக்குக் கதவு சாத்தப்படும்.

4. பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள்

நிரந்தரச் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 6 இன்ச் படிக்கு 6 அடி நீளம். அவ்வளவு நீளப் பலகையைக் காரில் கொண்டுபோக முடியாது. பின்னால் பலமான ஆள் பிடித்துத் தள்ளுவதாக இருந்தால், ஒரே ஒரு படிக்கு ஒன்றுக்கு ஆறு வரை சமாளிக்கலாம். 6 இன்ச்சுக்கு 3 அடி. தானே தள்ளிக்கொண்டு ஏற இந்தச் சாய்வு ஆகாது, பின்பக்கம் கவிழும்.

18 மி.மீ. ப்ளைவுட், 3 அடி நீளம், 30 இன்ச் அகலம். அடியில் நீளவாக்கில் இரண்டு ரீப்பர் கட்டை, இரு முனையிலும் நாலு இன்ச் விட்டு அடிக்க வேண்டும். முனைகள் இழைத்துச் சரிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் முன் சின்னச் சக்கரம் பலகையின் விளிம்பிலேயே முட்டி நிற்கும். மேலே ரப்பர் ஷீட் ஒட்டுங்கள். காரைக்குடியில் ப்ளைவுட் கடையில் அளவு சொன்னால் அறுத்துத் தருவார்கள், ரயிலில் தூக்கி வர வேண்டியதில்லை.

பலகையின் இரண்டு முனைக்கும் அடியில் பழந்துணி போடுவது கட்டாயம். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்) சுட்டது கிடையாது, மணலும் சிமெண்டும் வண்ணமும் சேர்ந்து இறுகியது. ரீப்பரோ ஆணியோ உரசினால் கீறல் விழும், அந்தக் கீறல் போகாது. பலகையைத் தேக்குத் தூணோடு கயிற்றில் கட்டுவதும் வேண்டாம். ஒருவர் காலால் முனையை மிதித்துக்கொண்டால் போதும்.

ஒரு படிக்கு மேல் இருந்தால் இந்தப் பலகை பயன்படாது. தூக்கத்தான் வேண்டும்.

5. தூக்கும் முறை

ஏறும்போது நாற்காலியின் முதுகு படியைப் பார்க்க, பின்பக்கம் சாய்த்து, மேலே நிற்பவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். கீழே நிற்பவர் முன்பக்கம் சட்டத்தைப் பிடித்துத் தாங்க வேண்டும். இறங்கும்போது உட்கார்ந்திருப்பவர் கீழே பார்த்திருப்பார், சாய்வு அதே பின்பக்கம்தான், முன்னால் இருப்பவர் பின்னோக்கி இறங்குவார்.

உதவிக்கு வருகிறவர்கள் முதலில் கை வைப்பது கழற்றக்கூடிய பாகத்தில்தான். கைதாங்கி, கால்தாங்கி இரண்டும் கையோடு வந்துவிடும். தூக்கும் முன்பே "இதைப் பிடிக்காதீங்க, இங்கே பிடிங்க" என்று சட்டத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஒரே ஆள் மட்டும் எண்ணிச் சொல்லட்டும். இடுப்பு பெல்ட் இல்லாமல் தூக்க வேண்டாம்.

வாசல் நிலைப்படி நாலு இன்ச்சுக்குள் இருந்தால் தூக்க வேண்டாம். நேராக நிறுத்தி, பின்னாலுள்ள மிதிகம்பியில் காலை வைத்து முன்பக்கம் கிளப்பி, சின்னச் சக்கரத்தை உள்ளே இறக்கி, பெரிய சக்கரத்தை உருட்டி ஏற்றலாம். வெளியே வரும்போது திருப்பிப் பின்னோக்கி வாருங்கள். முன்னோக்கி இறங்கினால் சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஆளை முன்னே தள்ளும்.

நிலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் இட்டிருக்கும். தள்ளுகிறவர் அதன்மேல் ஏறி நிற்கக் கூடாது, தாண்டி நில்லுங்கள். காலையில் வாசல் கோலமும் இருக்கும். சக்கரத்தை ஓரமாகக் கொண்டுபோங்கள்.

6. தங்குமிடமும் கழிப்பறையும்

பழைய வீட்டிலேயே தங்க ஆசை இருந்தால் தரைத்தள அறை என்பதோடு விசாரணையை நிறுத்தாதீர்கள். அறைக்கதவு அகலமாக இருக்கும், குளியலறைக் கதவு பின்னாளில் ஒட்டவைத்தது. 24 இன்ச் கதவு, உள்நோக்கித் திறப்பது, உள்ளே நாலு இன்ச் பள்ளம். இதுதான் வழக்கமாகக் கண்ணில் படுவது. உங்கள் நாற்காலி 25 இன்ச் என்றால் கதை அங்கேயே முடிந்தது. கதவு அகலம், கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் எத்தனை அடி காலியிடம், வெஸ்டர்ன்தானா என்று படத்தோடு கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் காரைக்குடி டவுனில் லிஃப்ட் உள்ள புதிய லாட்ஜில் தங்கிக்கொண்டு பகலில் கிராமங்களுக்குப் போய்வருவது மேல். அழகுக்காக மூன்று நாள் குளிக்காமல் இருக்க முடியாது.

பார்க்கும் வீடுகளில் கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். இருந்தாலும் கொல்லைப்புறத்தில், படியிறங்கி இருக்கும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அறைக்குத் திரும்பும்படி பொழுதை வகுத்துக்கொள்ளுங்கள். கையில் யூரின் கேன், மறைப்புக்கு ஒரு சேலையோ பெரிய துண்டோ காரிலேயே இருக்கட்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துச் சமாளிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த வெயிலில் அது ஆபத்து.

7. மாதமும் மணியும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. தெருவோரச் செம்மண் சேறாகிச் சின்னச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், ஈரத்தில் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வெயில் நாற்பதை ஒட்டும். தண்டுவடத்தில் மேல்பக்கம் அடிபட்டவர்களுக்கு வியர்வை சரியாக வராது, உடம்பு தானாகக் குளிராது. அவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பதே சரி. மற்றவர்களும் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கையுறை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நின்ற இரும்பு வளையம் கையைச் சுட்டுவிடும்.

தை மாதத்தில் பழனி பாதயாத்திரைக் கூட்டம் குன்றக்குடிப் பக்கம் சாலையை நிறைக்கும். விநாயகர் சதுர்த்தியை ஒட்டிப் பிள்ளையார்பட்டியில் பத்து நாள் திருவிழா. அந்த நாட்களில் நாற்காலியை நகர்த்தவே இடமிராது.

ஒரு நாளின் கணக்கு: காலை ஏழிலிருந்து பத்துவரை தெரு, அறைக்கு ஒரு முறை போய்வந்து பன்னிரண்டுவரை வீட்டுக்குள், பிறகு சாப்பாடும் படுக்கையும், நாலு மணிக்கு மேல் கோயில். நடுப்பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும், அப்போது போய் நிற்காதீர்கள்.

8. வந்து சேர்வதும் காரும்

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியத்துக்குமேல் எழும்பூரில் கிளம்பி இரவு காரைக்குடி சேரும். திரும்பும் வண்டி விடியற்காலையில். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் சின்ன ஸ்டேஷன், வண்டி நிற்கும் நேரமும் குறைவு. காரைக்குடி ஜங்ஷனில் இறங்குங்கள். மாற்றுத்திறனாளி சலுகை டிக்கெட் எடுத்தால் அட்டையின் அசலைக் கொண்டுவர வேண்டும். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருச்சி, மதுரை இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கிலோமீட்டர் சுற்றி.

டாக்ஸியில் ஏமாறும் இடம் டிக்கி. சிஎன்ஜி சிலிண்டர் வைத்த கார் என்றால் டிக்கியில் மடக்கிய நாற்காலி போகாது. புக் செய்யும்போதே கேளுங்கள். பெரிய வண்டியில் இடம் உண்டு, ஆனால் சீட் உயரம். நாற்காலி இருக்கை 20 இன்ச் என்றால் சாதாரண செடான் காரின் சீட்டுக்கு நகர்வதுதான் எளிது. டீசல் அல்லது பெட்ரோல் செடான் கேட்டு வாங்குங்கள்.

9. கானாடுகாத்தான் தெருவில்

காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். செட்டிநாடு அரண்மனை இருக்கும் தெருவில் இறங்கி, அங்கிருந்து தெருத்தெருவாகப் போய் ஊருணிக் கரைக்கு வந்து, அடுத்த இணைத்தெரு வழியாகத் திரும்பலாம். காலையில் வீட்டு நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் சற்று ஒதுங்கிப் போங்கள், ஆனால் ஓரத்தை ஒட்ட வேண்டாம்.

தெருவின் நடுவையொட்டியே தள்ள வேண்டும். ஓரம் தண்ணீர் வடிய வாட்டமாக இருக்கும், நாற்காலி தானாக வாய்க்கால் பக்கம் இழுக்கும். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்னோக்கி இழுங்கள். பெரிய சக்கரம் மணலில் புதையாது, சின்னது புதையும். வண்டிப் போக்குவரத்து அதிகமில்லை, ஆனால் டூவீலர்கள் சத்தமில்லாமல் வளைவில் வரும்.

ஊருணியின் படித்துறையை நெருங்கும்போது இரண்டு கார் நீளத்துக்கு முன்பே பிரேக் போட்டு நில்லுங்கள். தரை தண்ணீர் பக்கம் சரியும்.

அரண்மனைக்குள் அனுமதி உண்டா என்பது காலத்துக்குக் காலம் மாறும். அதை நம்பி வர வேண்டாம், முகப்பு தெருவிலிருந்தே முழுதாகத் தெரிகிறது. உண்மையில் முகப்பின் மேல்தளச் சுதை வேலைப்பாட்டைத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். திண்ணையில் ஏறி நிற்பவருக்கு அது தெரியாது.

10. வீட்டுக்குள்

உள்ளே போகுமுன் சக்கரத்தைத் துடையுங்கள். ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. வீட்டார் செருப்பைக் கழற்றச் சொல்லும்போது நீங்களே துணியை எடுத்தால் பிறகு யாரும் தடை சொல்வதில்லை. ஈரச் சக்கரத்தோடு போனால் கல்லில் வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது.

வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுப் பகுதி) நுழைந்ததும் கவனிக்க வேண்டியது முற்றம். சுற்றுப்பத்தி (தாழ்வாரம்) உயரம், நடுமுற்றம் பள்ளம், இடையில் தடுப்பு கிடையாது. எல்லோரும் தலையை உயர்த்தி உத்தரத்தையும் தூணையும் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போவார்கள், சக்கரம் விளிம்புக்குப் போய்விடும். தூண் வரிசைக்கு உட்புறமாக, சுவரை ஒட்டியே போங்கள். பார்க்க நிற்கும்போதெல்லாம் இரண்டு பிரேக்கும் போடுங்கள்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளின் கதவு குறுகல், படி உயரம். அவற்றை விட்டுவிடலாம், வாசலில் நின்று பார்த்தாலே போதும். மாடியையும் மறந்துவிடுங்கள். இரண்டாம் கட்டுக்கு (வீட்டின் அடுத்த பகுதிக்கு) போகும் வழியில் இன்னொரு நிலைப்படி இருக்கும். பலகையை முகப்பிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே எடுத்து வாருங்கள்.

11. ஆத்தங்குடி

வீல்சேரில் வருகிறவருக்குச் செட்டிநாட்டில் மிகவும் ஒத்துவரும் இடம் கல் பட்டறைதான். கொட்டகைகள் பெரும்பாலும் தரைமட்டம். வேலை நடப்பதும் உட்கார்ந்த கண் உயரத்தில். கண்ணாடித் தட்டின்மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டு மணல் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். மண்தரை என்பதால் ஒருவர் தள்ள வேண்டும். கல்லை ஊறப்போடும் தண்ணீர்த் தொட்டி தரையோடு இருக்கும், எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வேலை இருக்காது.

12. கோயிலும் திருமயமும்

சொந்த நாற்காலியை உள்ளே விடுவார்களா என்பது கோயிலுக்குக் கோயில் வேறுபடும். முதலில் தேவஸ்தான அலுவலகத்தில் ஒருவர் மட்டும் போய்க் கேட்கட்டும். கோயில் நாற்காலி இருந்தால் அதில் மாறிக்கொள்ளலாம், மெத்தையை மட்டும் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டியில் கருவறை குடைவரை, உட்புறம் நெருக்கம். காலையில் நடை திறந்த கையோடு போவதும், சதுர்த்தி, விடுமுறை நாட்களைத் தவிர்ப்பதும் உத்தமம்.

திருமயம் காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் வழியில். கோட்டை மதிலும் பாறையும் கீழிருந்தே நன்றாகத் தெரியும். வெளிமதிலை ஒட்டிச் சாலையோரத்தில் கோட்டைப் பைரவர் சன்னதி இருக்கிறது. வண்டிகள் நின்று தேங்காய் உடைத்துப் போகும் இடம், ஓடு சிதறிக் கிடக்கும், காற்றடைத்த டயருக்கு ஆகாது. காரைச் சன்னதிப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள், சாலையைக் குறுக்கே கடக்க வேண்டாம்.

13. பஞ்சர், செம்மண்

டியூப் ஒட்ட எந்த சைக்கிள் கடையும் போதும். டயர்தான் கிடைக்காது. வீல்சேரின் 24 இன்ச் டயரும் சைக்கிளின் 24 இன்ச் டயரும் பெயரில் ஒன்று, ரிம் அளவில் வேறு. மாற்று டியூப் இரண்டு, டயர் ஒன்று, கைப்பம்பு, ஆலன் கீ செட் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு நாள் மாலையும் சின்னச் சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நாரையும் பிடுங்கி, செம்மண்ணைப் பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மண் பேரிங்குக்குள் போய் இறுகும், மறுநாள் காலையில் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுக்கும்.